வெங்காரமும் மூளைக் கட்டியும்

ஹாஸ்டல் காமன் ரூமில் கேரம் போர்டு மேல் தூவுவோமே வெள்ளைப் பவுடர், ஞாபகம் இருக்கிறதா நண்பர்களே? போரிக் ஆசிட். சட்டை பூரா அப்பிக்கொண்டு மெஸ்ஸுக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறோம். அதில் உள்ள போரான்தான் இக்கட்டுரையின் கதாநாயகன். என் கேரம் பார்ட்னர் போன வருஷம் மூளைக் கட்டியால் இறந்துபோனான். அவனுக்காகத் தேடிப் படிக்கத் தொடங்கிய விஷயம் இது.

போரான் அணுக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று போரான்-10. வேகம் குறைந்த நியூட்ரானைக் கண்டால் லபக்கென்று விழுங்கிவிடும். அதனால்தான் அணு உலைகளின் கன்ட்ரோல் ராடில் அதைச் சேர்க்கிறார்கள். விழுங்கிய மறுகணம் அது ஆல்பா துகளாகவும் லித்தியமாகவும் உடைகிறது. இரண்டும் பாயும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. சுமார் ஒரு செல்லின் அகலம். அப்படியானால், புற்றுச் செல்லுக்குள் மட்டும் போரானை ஏற்றி நியூட்ரானைப் பாய்ச்சினால் அந்தச் செல் மட்டும் சாகும், பக்கத்துச் செல் பிழைக்கும். சாட்விக் 1932-ல் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். நாலே வருஷத்தில், 1936-ல், கார்டன் லோச்சர் என்ற அமெரிக்கர் இந்த யோசனையை எழுதிவிட்டார்.

நோயாளிகளிடம் அது வந்தது 1951-ல், நியூயார்க் மாநிலத்து புரூக்ஹேவன் அணு உலையில். கொடுத்த மருந்து என்ன தெரியுமா? வெங்காரம்! நம்மூர் பத்தர்கள் பொடிவைத்து ஊதுகிற அதே வெங்காரம். நல்ல மூளைக்குள் ரத்தத்திலிருந்து கண்டதும் நுழைய முடியாதபடி ஒரு தடுப்பு உண்டு. கட்டி உள்ள இடத்தில் அந்தத் தடுப்பு ஓட்டை. ஆகவே போரான் கட்டிக்குள் கசியும் என்று பாஸ்டன் மூளை அறுவை நிபுணர் வில்லியம் ஸ்வீட் கணக்குப் போட்டார். கணக்கு தப்பில்லை, கசியத்தான் செய்தது. ஆனால் ரத்தத்திலும் போரான் நிறைய நின்றதே! நியூட்ரான் பாய்ந்ததும் தலைத்தோல் வெந்தது. எம்.ஐ.டி. உலையில் 1959 முதல் 1961 வரை மண்டையோட்டைத் திறந்தே பாய்ச்சிப் பார்த்தார்கள். நோயாளிகள் பிழைக்கவில்லை, 1961-ல் அமெரிக்காவில் நிறுத்திவிட்டார்கள். இறந்த 14 பேரின் மூளையை ஆராய்ந்த அறிக்கை 1972-ல் வந்தது. நல்ல பகுதிகளும் கதிர்வீச்சில் கெட்டுப்போயிருந்தன.

எஞ்சினியர் புத்திக்கு இது உறைக்கிறது. உலை ரெடி, மருந்து ரெடி இல்லை. காத்திருந்திருக்கலாமே என்று இன்று உட்கார்ந்து சொல்வது சுலபம். அன்று அந்த வியாதிக்காரர்களுக்கு வேறு வழியும் இல்லை.

ஸ்வீட்டிடம் வேலை பார்த்த ஹிரோஷி ஹடனாகா விடவில்லை. ஜப்பான் திரும்பி, பி.எஸ்.எச். என்ற புதுப் போரான் மருந்துடன் 1968-ல் மறுபடி ஆரம்பித்தார். அடுத்தது பி.பி.ஏ.: பினைலலனின் என்ற அமினோ அமிலத்தில் போரானைக் கோத்தது. புற்றுச் செல் அமினோ அமிலத்துக்குப் பேயாய் அலையும். சாப்பாடென்று நினைத்துத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. கசிவை நம்பியிருந்த வெங்காரத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்! இதே மருந்தில் கதிரியக்க ஃப்ளூரினை ஒட்டி பெட் ஸ்கேன் எடுத்தால், யார் கட்டி எவ்வளவு இழுக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

2020-ல் ஜப்பான் பி.பி.ஏ.வுக்கு அனுமதி கொடுத்தது. அணு உலைகூட வேண்டாம், ஆஸ்பத்திரியிலேயே வைக்கிற ஆக்ஸிலரேட்டர் போதும். ஆனால் அந்த அனுமதி தலை, கழுத்துப் புற்றுக்கு. மூளைக் கட்டிக்கு அல்ல.