பனிச்செடி

தரையோடு படரும் சதைப்பற்றுச் செடியான பனிச்செடியின் தாவரவியல் பெயர் மெசம்பிரையாந்திமம் கிறிஸ்டலினம். ஐசோயேசி குடும்பத்தைச் சேர்ந்த இது தென்னாப்பிரிக்காவிலும் மத்தியதரைக் கடலோரத்திலும் இயல்பாக வளர்கிறது. கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறிக் களையாகவும் பரவிவிட்டது. இலையையும் தண்டையும் மூடி நிற்கும் பளபளப்பான கொப்புளங்களே இதன் அடையாளம். பச்சையாகக் கடித்தால் நொறுநொறுப்பு, உப்பு, பின்னால் மெல்லிய புளிப்பு. உயர்தர உணவகங்கள் இதைத் தேடுவது இந்த மூன்றுக்காகத்தான். பெரும்பாலான கீரைகளில் சுவையின் பெரும்பகுதி விதையோடு வருகிறது. பனிச்செடியிலோ வேருக்கு ஊற்றும் உப்பின் அளவும், உப்பு ஊற்றத் தொடங்கும் பருவமும், பறிக்கும் வேளையும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. நல்ல பனிச்செடி என்பது பெருமளவுக்கு விளைவிப்பவரின் கைவண்ணம்.

செடியின் உடலியக்கமே இதற்குச் சான்று. கொப்புளங்கள் பனித்துளிகள் அல்ல. மேல்தோலின் செல்கள் பருத்து உருவான நீர்ப்பைகள். வேர் உறிஞ்சும் சோடியத்தைச் செடி மற்ற திசுக்களைத் தாக்கவிடாமல் இப்பைகளுக்கு அனுப்பிப் பூட்டி வைக்கிறது. கடும் உப்பில் வளரும் செடியின் கொப்புளங்களில் கடல்நீரைவிடச் செறிவான உப்பு தேங்குவதுண்டு. பைகள் பல்லில் பட்டு உடைவதுதான் அந்த உப்புச் சுவை. புளிப்பின் கதை வேறு. உப்போ வறட்சியோ நெருக்கினால், இச்செடி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் கரியமிலவாயுவை இழுக்கும் முறைக்கு மாறுகிறது. உப்பு இம்மாற்றத்தைத் தூண்டுவதை 1972-இல் விண்டர், வில்லர்ட் என்ற ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினர். அதன்பின் உலக ஆய்வகங்களில் இது வாடிக்கையான செடியாகிவிட்டது. இரவில் இழுத்த வாயு மாலிக் அமிலமாகச் சேர்ந்து பகலில் செலவாகிறது. ஆகவே முறை மாறிய செடியின் இலை விடியலில் புளிக்கும். மாலையில் அந்தப் புளிப்பு குறைந்திருக்கும். ஒரே பாத்தியில் காலையில் பறித்ததும் சாயங்காலம் பறித்ததும் இரண்டு கீரைகள்.

ஐரோப்பியத் தோட்டங்களுக்கு இச்செடி புதிதல்ல. பிரான்சின் விதை நிறுவனமான வில்மோரின் 1883-இல் வெளியிட்ட காய்கறி நூலிலேயே இடம்பெற்றது. இருந்தும் அது பசலைக்கு மாற்றாக வேகவைக்கும் அரிய கீரை என்ற நிலையைத் தாண்டவில்லை. சாதாரணத் தோட்டநீரில் வளர்த்தால் உப்பு குறையும். வேகவைத்தால் கொப்புளங்கள் உடைந்து நொறுநொறுப்பு போய்விடும். உப்பையும் நொறுநொறுப்பையும் இழந்த கீரைக்கு யார் விலை கொடுப்பார்? கானரித் தீவுகளில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இதைப் பயிரிட்டு எரித்து, சோப்புக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய சோடாச் சாம்பல் எடுத்தார்கள். செடியின் உப்பை முதலில் காசாக்கியது அடுப்பங்கரையல்ல, சூளைதான். நவீனக் காய்கறியாக அதை நிலைநிறுத்தியதில் ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அரியாகே கடலோரத்தில் மீட்கப்பட்ட உவர்நிலங்களை முன்வைத்துத் தொடங்கிய ஆய்வு, உப்புக் கரைசலில் மண்ணில்லா வளர்ப்பாக முடிந்தது.

விளைவிப்பதில் வரிசை முக்கியம். உப்பு முளைப்பைத் தடுப்பதால், பொடிபோன்ற விதையை நன்னீரில் நனைத்த ஊடகத்தின் மேலாகவே தூவ வேண்டும். நாற்று வேர்பிடித்துச் சில வாரங்கள் இலைவிட்ட பிறகே ஊட்டக்கரைசலில் உப்பைப் படிப்படியாகக் கூட்டலாம். லிட்டருக்கு 6 கிராம் அளவு, அதாவது கடல்நீர் உப்பில் ஆறில் ஒரு பங்கு, வளர்ந்த செடிக்குத் தொல்லையில்லை. அதைப் பலமடங்கு கூட்டினாலும் செடி பிழைக்கும். ஆனால் வளர்ச்சி குன்றி, பூப்பு நெருங்கி, இலை சிறுத்துச் சிவக்கும். குளிர்ச்சியான, 15 முதல் 25 பாகை வெப்பம் ஏற்றது. தமிழகச் சமவெளிக் கோடையில் இது வீண்முயற்சி. இலையைத் தேய்த்தால் பைகள் உடையும். பறித்து அடுக்குவது வரை மென்மையான கை வேண்டும்.

உப்பு என்றால் விளைச்சல் குறையும் என்பது பொதுவாகச் சரியான ஆட்சேபம். மிதமான உப்பில் நன்றாக வளரும் இச்செடிக்கு அது பொருந்தாது. உவர்நிலத்தையே இதைக் கொண்டு திருத்தலாமே என்ற கேள்விக்குப் பதில் அவ்வளவு எளிதல்ல. உறிஞ்சிய உப்பு, செடியை முழுதாக அறுத்து அகற்றினால்தான் நிலத்தை விட்டுப் போகும். கலிபோர்னியக் கடலோரப் புல்வெளிகளில் நடந்தது நேர்மாறானது. அங்கே மடிந்த செடிகள் சேர்த்த உப்பை மேல்மண்ணில் கசியவிட்டு, புற்களை முளைக்கவிடாமல் இடத்தைப் பிடித்ததை 1977-இல் வெளியான ஆய்வு விளக்கியது. சோடியத்தை இழுப்பதுபோல் காட்மியம் போன்ற உலோகங்களையும் இது இழுக்கும் என்பதால், மாசுபட்ட மண்ணைத் தூய்மைப்படுத்தும் செடியும் தட்டுக்குப் போகும் கீரையும் ஒன்றாக இருக்க முடியாது. கடற்கரையில் கண்ட இடத்தில் பறித்த செடியைவிட, கரைசலின் கலவை தெரிந்த பண்ணைச் செடியே உணவுக்குத் தகுந்தது. இதன் உப்பும் சோடியம் உப்புதான். இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்திருப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மற்றவர்கள் சாலட்டில் இதைச் சேர்க்கும்போது தனியாக உப்புத் தூவ வேண்டாம்.