பெங்களூர் மாணவனும் பல மொழிக் கட்டுரையும்

பள்ளி மாணவர்க்குக் கட்டுரைப் போட்டி வைத்துப் பரிசளிப்பது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். உள்ளூரில் வாழ்வோர்க்கு அதில் பொருள் ஒன்றே கேள்வி. பிற மாநிலத்தில் குடியேறியவர் வீட்டுப் பிள்ளைக்கோ, எந்த மொழியில் எழுதுவது என்பது அதற்கும் முந்திய கேள்வியாக வந்து நிற்கிறது. இந்திய அஞ்சல் துறை 2017ஆம் ஆண்டில் தொடங்கிய ‘டாயி ஆகர்’ என்னும் கடிதப் போட்டியை நேயர்கள் அறிந்திருக்கலாம். ஆங்கிலம், ஹிந்தி, வட்டார மொழி ஆகியவற்றுள் எதில் வேண்டுமானாலும் எழுதலாம். உள்நாட்டுக் கடிதத் தாளாயின் 500 சொற்கள், உறையிலிட்டு அனுப்புவதாயின் 1000 சொற்கள். கையால் எழுதியிருத்தல் வேண்டும். 2018இல் கொடுத்த பொருள் தாய்நாட்டிற்கு ஒரு கடிதம் என்பது. பெயர்தான் கடிதம், உண்மையில் அது கட்டுரையே.

இத்தகைய போட்டியில், அரசியற் சிந்தனையும் கூடி வாழ்தலும் என்பது பொருளானால், பெங்களூரில் வாழும் தமிழ் மாணவன் எதை எழுதுவான்? அவன் நூல்நிலையத்திற்குப் போகுமுன் தன் நகரத்தின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நன்று.

ஆங்கிலேயர் 1809இல் இங்கே தண்டு அமைத்தபோது, சென்னை இராஜதானியிலிருந்து சிப்பாய்களும் வணிகரும் கைத்தொழிலாளரும் உடன் வந்தனர். பழைய பேட்டையில் கன்னடம் வழங்கிற்று. தண்டுப் பகுதியில் தமிழும் உருதுவும் ஆங்கிலமும் ஒலித்தன. 1881இல் மைசூர் இராஜ்யம் மீண்டும் உடையார் வம்சத்தின் கைக்கு வந்தபோதும் தண்டு மட்டும் ஆங்கிலேயரிடமே தங்கிற்று. 1947 ஜூலையில்தான் அது மைசூருடன் சேர்ந்தது. 1949இல் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின. ஒரே ஊர் என்று நாம் சொல்வது அவ்வளவு அண்மைக் காலத்து நிகழ்ச்சி.

அந்த 1881ஆம் ஆண்டே அரசியல் வரலாற்றில் மற்றொரு வகையிலும் நினைக்கத் தக்கது. செங்கற்பட்டுச் சீமையில் 1831இல் பிறந்த சி. வி. ரங்காசார்லு மைசூர் திவானானார். அவ்வாண்டு அக்டோபரில், நிலமுடையோரும் வணிகருமாக 144 பேரைக் கூட்டி அவர் பிரஜாப்பிரதிநிதி சபையைத் தொடங்கி வைத்தார். சுதேச சமஸ்தானங்களில் இவ்வகைச் சபை அதற்கு முன் இருந்ததில்லை. அச்சபைக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை என்பது மெய். திவான் ஆண்டு நிலவரத்தைச் சொல்வார்; வந்தவர்கள் தங்கள் குறைகளை எடுத்துரைப்பார்கள்; அவ்வளவே. ஆயினும், ஆள்வோன் ஆளப்படுவோர் முன் நின்று கணக்குச் சொல்லும் பழக்கம் அங்கே வேரூன்றிற்று. 1883இல் ரங்காசார்லு மறைந்தார். மைசூர் நகரில் அவர் பெயர் தாங்கிய மண்டபம் ஒன்று உண்டு.

இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு நின்றுவிட்டால் கட்டுரை பாதிதான். அவரும், அவருக்குப் பின் 1901 வரை திவானாயிருந்த சேஷாத்ரி ஐயரும் சென்னைப் பக்கத்திலிருந்து உத்தியோகஸ்தர் பலரைக் கொண்டுவந்தனர். பெரிய பதவிகள் வெளியாருக்கே போகின்றனவே என்று மைசூர்க்காரர்கள் மனம் புழுங்கினர். அந்தப் புழுக்கத்தில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். வந்தேறிய கல்விமான்களின் திறமை நாட்டிற்குப் பயன்பட்டது உண்மை. தன் வீட்டில் தானே விருந்தாளியாக நிற்க நேர்ந்தவனுடைய வருத்தமும் உண்மை.

வேறு வகையாகக் கலந்தவர்களும் இருந்தார்கள். மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். கன்னடத்தில் எழுதி, 1983ஆம் ஆண்டிற்குரிய ஞானபீடப் பரிசைப் பெற்றார். கன்னட நாடகத்தைப் பேச்சுமொழியின் நகைச்சுவையால் உயிர்ப்பித்த டி. பி. கைலாசமும் தமிழ்க் குடும்பத்தவரே. டி. வி. குண்டப்பா, ரங்காசார்லுவின் வரலாற்றைக் கன்னடத்தில் எழுதினார். 1945இல் பெங்களூரில் கோகலே பெயரால் ஒரு நிலையம் நிறுவினார். குடிமகன் தன் கடமையை அறிய வேண்டுமென்று அரசியல் நூலைத் தாய்மொழியில் கற்பிக்க முயன்றார். (ஒலிபரப்புக்கு ‘ஆகாசவாணி’ என்னும் பெயர் பரவியதும் 1935இல் மைசூரில் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தொடங்கிய நிலையத்திலிருந்துதான். நாம் வானொலி என்கிறோம். கேட்பது இரண்டிலும் ஒன்றே.)

இனிக் கசப்பான பக்கம். 1982இல் கோகாக் குழுவின் அறிக்கையை நிறைவேற்றக் கோரிப் பெருங்கிளர்ச்சி எழுந்தது. பள்ளியில் முதல் மொழியிடம் கன்னடத்திற்கே வேண்டும் என்பது கோரிக்கை. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதையொட்டிப் பெங்களூரில் தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. பலர் ஊரை விட்டு ஓடினர். 2016 செப்டம்பரிலும் பேருந்துகள் எரிந்தன. மாணவன் இவற்றை மறைக்க வேண்டியதில்லை. தண்ணீர்க் கணக்கை ஆற்றங்கரை உழவன் பேரால் பேசிவிட்டு, அடியை நகரத்துக் கூலிக்காரன் முதுகில் வைத்தார்கள் என்று அவன் எழுதினால் அது பிழையாகாது.

பள்ளி மொழி வழக்கு நீதிமன்றத்திற்கும் போயிற்று. தொடக்கப் பள்ளியில் தாய்மொழியே பயிற்றுமொழியாக இருத்தல் வேண்டுமென்று அரசு கட்டாயப்படுத்த இயலாது என 2014 மே 6ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. குழந்தையின் தாய்மொழி எது என்பதையும் பெற்றோரே சொல்ல வேண்டும் என்றது. மறு ஆண்டே கர்நாடகம், எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் ஒரு மொழிப் பாடமாக இருக்கச் சட்டம் செய்தது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையென எனக்குத் தோன்றவில்லை. வாழும் ஊரின் மொழியை எழுதப் படிக்கக் கற்பது நம் பிள்ளைக்கு நட்டமன்று. நட்டம் வேறிடத்தில் நேர்கிறது. ஆங்கிலப் பள்ளியை நாடும் பெற்றோர், வீட்டிலும் தமிழ் எழுத்தைக் கற்பிக்காது விடுகின்றனர். பிள்ளை தமிழ் பேசுகிறது, எழுதத் தெரியவில்லை. போட்டி விதி தமிழை அனுமதித்தும், தாள் ஆங்கிலத்தில் நிரம்புகிறது.

அல்சூர் ஏரிக்கு அருகில் திருவள்ளுவர் சிலை 1991 முதல் பதினெட்டு ஆண்டுகள் துணியால் மூடப்பட்டு நின்றது. 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள், கர்நாடக முதல்வர் எடியூரப்பா உடனிருக்க, தமிழக முதல்வர் கருணாநிதி அதைத் திறந்தார். நான்கு நாள் கழித்து, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வஞ்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரண்டடியில் பாடியவர் அங்கே, மூன்றடியில் பாடியவர் இங்கே. அல்சூரில் குடியிருக்கும் மாணவனுக்கு அந்தச் சிலை நடந்து போகும் தூரம். அதன் காலடியில் உட்கார்ந்தே முதற்படியை எழுதிவிடலாம்.