சோயா அவரையும் தாய்மாரும்

மாத்தளை மாவட்டத்து மலைப்பிரதேசமாகிய யட்டவத்தவில், கிளினிக்குக்குச் சென்று திரும்பும் கர்ப்பிணித் தாயின் கையில், இலங்கையின் ஏனைய ஊர்களிற் போலவே, திரிபோஷாப் பொதியைக் காணலாம். 1973ஆம் ஆண்டில் தொடங்கிய இத்திட்டத்தின் சத்துமாவில் சோளமும் சோயா அவரையுமே முதன்மையானவை. சோயா புரதத்துக்காகச் சேர்க்கப்படுகிறது. ஆனால் அவ்வவரையினுள்ளே பெண்மை ஓமோனாகிய ஈஸ்திரோஜனை ஒருவாறு ஒத்த ஜெனிஸ்டீன், டைட்சீன் என்னும் பொருள்களும் உள. தாயின் உணவிலே ஓமோனின் சாயலா என்று கேட்போர் திடுக்கிடலாம். அத்திடுக்கம் முற்றிலும் காரணமற்றதன்று.

மேற்கு அவுஸ்திரேலியாவில் 1940களிலே செம்மறிக் கூட்டங்கள் மலடாயின. குட்டிகள் இறந்து பிறந்தன; ஆடுகளுக்குக் கருப்பை வெளித்தள்ளியது; காயடித்த கடாக்களுக்குங்கூடப் பால் சுரந்தது! மேய்ச்சலுக்கென விதைத்த குளோவர் என்னும் மூவிலைச் செடியே காரணமென்று பென்னெற்ஸ் முதலிய மூவர் 1946இல் எழுதினர். அச்செடியிலுள்ள போர்மொனொனெற்றின் என்னும் பொருள், ஆட்டின் இரைப்பையிலே நுண்ணுயிர்களால் டைட்சீனாகிப் பின்னர் ஈக்குவோல் ஆகிறது. சோயாவில் இருப்பதும் அதே டைட்சீன்தான்.

எனினும் ஆடு வேறு, தாய் வேறு. ஆடுகள் பருவம் முழுவதும் அச்செடியையே வயிறு நிரம்ப மேய்ந்தன. மனிதருள்ளோ ஈக்குவோலை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் எல்லோர் குடலிலும் இல்லை. மேலும், உடற்கலங்களில் ஈஸ்திரோஜனை ஏற்கும் இரண்டாவது வாங்கியொன்று 1996இல் சுவீடனிலே கண்டறியப்பட்டது. சோயாவின் பொருள்கள் முதல் வாங்கியைக் காட்டிலும் இதனையே மிகுதியாக நாடுகின்றன. ஆகவே அவை ஈஸ்திரோஜனின் வேலையை முழுவதும் செய்வதில்லை. யப்பானியத் தாய்மார் தலைமுறை தலைமுறையாகச் சோயாவை உண்டு வந்துள்ளமையும் இங்கு கருதத்தக்கது.

2002இல் அமெரிக்காவிலே, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்திரோஜனையும் புரோஜெஸ்டினையும் சேர்த்து வழங்கிய பேராய்வொன்று, மார்பகப் புற்றுநோய் கூடியமையால் இடைநடுவில் நிறுத்தப்பட்டது. அச்சமுற்ற பெண்கள் பலர் தாவரப் பொருள்களை நாடினர். சோயாச் சத்து வில்லைகள் கடைகளில் மலிந்தன. முகமும் மார்பும் திடீரென அனல்போற் கொதிக்கும் தொல்லையை அவை சிறிது தணிக்குமெனச் சில ஆய்வுகள் கூறின; பயனில்லையெனச் சில கூறின. விளம்பரக்காரர் முன்னவற்றை மட்டுமே படித்தனர் போலும்.

திரிபோஷாவோ அத்தகைய கடைச்சரக்கன்று. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் போசாக்கு ஊட்டவே அது இலவசமாக வழங்கப்படுகிறது.