சொட்டாமல் குறையும் நீர்

விருதுநகரிலிருந்து காரியாபட்டிக்குச் செல்லும் சாலையில் உள்ள மல்லாங்கிணறு, தன் பெயரிலேயே ஒரு கிணற்றைச் சுமக்கும் ஊர். கரிசல் மண்ணும் குறைந்த மழையும் வாய்த்த இவ்வட்டாரத்தில், குடிக்க ஏற்றதை ‘நல்ல தண்ணீர்’ என்றும் ஏலாததை ‘உப்புத் தண்ணீர்’ என்றும் மக்கள் பிரித்தே பேசுகின்றனர். மோட்டார் வண்டிக்கு ஊற்றும் நீரிலும் இந்தப் பிரிவு செல்லுபடியானதால், ரேடியேட்டர் பட்டறைத் தொழிலின் வரலாற்றை இத்தகைய ஊர்களின் கிணற்றடியிலிருந்தே பார்ப்பது பொருத்தமாகும்.

எரிபொருள் எரிந்து எழும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இன்ஜினைச் சுற்றி ஓடும் நீரே ஏற்றுக்கொண்டு, ரேடியேட்டர் எனப்படும் குழாய்த் தொகுதியின் வழியே காற்றில் விடுகிறது. 1901ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் காருக்காக ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் மாய்பாக் 8,070 சிறு குழாய்களைத் தேன்கூடு போல் அடுக்கி அமைத்த ரேடியேட்டரே பின்வந்தவற்றுக்கு வழிகாட்டியது. தமிழகத்துச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர், பிரீமியர் பத்மினி கார்களின் ரேடியேட்டர்களும் அக்காலத்து லாரிகளின் ரேடியேட்டர்களும் பித்தளையாலும் செம்பாலும் ஆனவை. ஈயப் பற்று வைத்து இணைக்கப்பட்டவை. அவற்றில் நீர் குறைந்தால் அது கண்ணுக்குத் தெரிந்தது: வண்டியின் அடியில் சொட்டியது, அல்லது மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவியாகச் சீறியது. ஓட்டுநரும் கிளீனரும் வழியில் கிடைத்த கிணற்று நீரை ஊற்றி, வண்டியைக் கிளப்பிச் சென்றனர்.

ஊற்றிய நீரே அடுத்த பழுதுக்கு வித்திட்டது என்பது இத்தொழிலின் மையமான செய்தி. கடின நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு உப்பு, சூடேறும்போது பிரிந்து குழாயின் உட்சுவரில் காரையாகப் படிகிறது. படிவு தடிக்கத் தடிக்க நீரோட்டம் சுருங்கி, இன்ஜின் கொதிக்கிறது. பட்டறைக்காரர் ரேடியேட்டரின் மேல்தொட்டியைக் கழற்றி, மெல்லிய இரும்புப் பட்டையை ஒவ்வொரு குழாயிலும் செலுத்திக் காரையைச் சுரண்டினார். ‘ராடு அடித்தல்’ என்பது அவ்வேலையின் பெயர். பிறகு வாய்களை அடைத்து, நீர்த்தொட்டியில் அமிழ்த்திக் காற்றைச் செலுத்தி, குமிழி எழுந்த இடத்தில் பற்றவைத்தார். பட்டறை எட்டாத தொலைவில் ஓட்டுநர்கள் மஞ்சள் தூளைக் கொட்டினர். அது நீரில் ஊறிப் பருத்துச் சிறு துளையை அடைத்தது உண்மையே என்றாலும், நல்ல குழாய்களையும் சேர்த்தே அடைத்தது.

நீரிழப்பு கண்ணுக்கு மறைந்தது, குளிர்விப்பு அமைப்பு மூடப்பட்டபோதுதான். சுருள்வில் பொருத்திய மூடி, உள்ளே அழுத்தத்தைத் தேக்கிக் கொதிநிலையை உயர்த்துகிறது. சுமார் 1 பார் கூடுதல் அழுத்தத்தில் வெறும் நீரே 120 டிகிரி செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும். 1856இல் பிரெஞ்சு வேதியியலர் ஷார்ல் வுர்ட்ஸ் முதலில் உருவாக்கிய எத்திலீன் கிளைக்கால், துருத்தடுப்பு மருந்துகளுடன் சேர்ந்து ‘கூலண்ட்’ ஆயிற்று. குளிர் நாடுகளில் உறைதலைத் தடுக்க வந்த இத்திரவம், உறைபனி காணாத விருதுநகர்ச் சீமையில் அரிப்பையும் கொதிப்பையும் தடுக்கவே தேவைப்பட்டது. 1983 டிசம்பரில் மாருதி 800 விற்பனைக்கு வந்தபின் பெருகிய புதுவகைக் கார்களில், விரிந்து வழியும் கூலண்ட் பிளாஸ்டிக் தொட்டியில் சேர்ந்து, ஆறியதும் திரும்பியது. ஆகவே அத்தொட்டியில் அளவு தொடர்ந்து இறங்கினால், தரையில் ஒரு சொட்டும் இல்லாவிடினும், அது எங்கோ போகிறது என்றே பொருள்.

அந்த ‘எங்கோ’வைக் கண்டறிவது தனிக் கலையாக வளர்ந்தது. மயிரிழைக் கசிவு சூடான உலோகத்தின்மேல் விழுந்த கணமே ஆவியாகிவிடுவதால், வெண்மையாகவோ பச்சையாகவோ ஒட்டிய தடத்தை ஹோஸ் இணைப்புகளிலும், வாட்டர் பம்பின் அடியில் சீல் தேய்ந்ததைக் காட்டவே வைக்கப்பட்ட சிறு துளையிலும் தேட வேண்டும். தளர்ந்த மூடியும் ஆவியை வெளியே விட்டுவிடும். மலிவான இந்தக் காரணத்தை முதலில் சோதிக்காமல் இன்ஜினைப் பிரிப்பது வாடிக்கையாளருக்கு இழைக்கும் அநீதி. குளிர்ந்த இன்ஜினில் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று காத்திருப்பது அடுத்த படி. சூட்டில் உலோகம் விரிந்து மூடிக்கொள்ளும் வெடிப்பு, ஆறிய நிலையில்தான் வாய் திறக்கும்.

முள் இறங்கியும் வெளியே ஈரமில்லையெனில், ஐயம் ஹெட் கேஸ்கெட்டின்மேல் விழுகிறது. இன்ஜின் பிளாக்குக்கும் அதன் தலைப்பகுதிக்கும் இடையே அழுந்திக் கிடக்கும் தகடு அது. அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரிவதால், அலுமினியத் தலையும் இரும்புப் பிளாக்கும் கொண்ட இன்ஜின் ஒருமுறை மிதமிஞ்சிச் சூடேறினாலும் தலை வளைந்து தகடு விட்டுக்கொடுக்கக்கூடும். அப்போது கூலண்ட் சிலிண்டருக்குள் புகுந்து வெண்புகையாகிறது, அல்லது எண்ணெயில் கலந்து அதைப் பால்போல் ஆக்குகிறது. ரேடியேட்டர் வாயில் எழும் ஆவியை நீலநிறத் திரவத்தின் வழியே இழுத்துச் சோதிக்கையில், எரிந்த வாயு கலந்திருந்தால் கரியமில வாயு அந்நீலத்தை மஞ்சளாக்கிக் காட்டிக்கொடுக்கிறது.

சிவகாசியின் தீப்பெட்டியையும் பட்டாசையும் வடக்கே ஏற்றிச் செல்லும் லாரிகளுக்கு இச்சோதனைகளின் தேவை இன்னும் கூடுதல். நீர் நேரடியாகத் தொடும் லைனர் எனப்படும் சிலிண்டர் உறை கொண்ட டீசல் இன்ஜின்களில், அதிர்வால் எழும் குமிழிகள் உடைந்து உடைந்தே லைனரின் வெளிச்சுவரில் ஊசித் துளைகளை இடுகின்றன. கூலண்டில் உள்ள மருந்து அச்சுவரில் காப்புப் படலம் ஒன்றைக் கட்டிக் காக்கிறது. குறைந்த அளவை வெறும் உப்புத் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் அம்மருந்து நீர்த்துப்போகிறது. படலம் விலகிய இடத்தில் துளை தொடங்குகிறது.