பூட்டை உடைக்கும் நொதி
அத்தியாயம் 3: சிறுநீர்க் குப்பியில் வந்தது

பென்சிலினைச் சிதைக்கும் நொதி ஒன்று ஈ.கோலை கிருமியிடம் இருப்பதை 1940-லேயே ஆக்ஸ்போர்டில் ஆப்ரகாமும் செயினும் கண்டுபிடித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். இப்போது 2008 ஜனவரிக்கு வருவோம்.

டெல்லியில் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவிட்டு ஸ்வீடன் திரும்பியிருந்தார் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த 59 வயது நோயாளி ஒருவர். அவருடைய சிறுநீரைச் சோதித்தபோது அதில் க்ளெப்சியெல்லா என்ற கிருமி வளர்ந்தது. மற்ற மருந்துகள் கைவிடும்போது டாக்டர்கள் எடுக்கும் கடைசி ஆயுதம் கார்பபெனெம். அந்த மருந்துக்கும் அது அசையவில்லை.

காரணம் என்ன? பென்சிலின் குடும்பத்து மருந்துகளின் உயிர்நாடி, நான்கு அணுக்களால் ஆன சின்ன வளையம். இந்தக் கிருமியின் நொதி இரண்டு துத்தநாக அயனிகளின் துணையோடு, ஒரு நீர் மூலக்கூறைக் கொண்டே அந்த வளையத்தைப் பிளந்துவிடுகிறது. வளையம் பிளந்தால் மருந்து வெறும் மாவு.

2009 டிசம்பரில் இந்த நொதிக்கு என்.டி.எம்-1 என்று பெயரிட்டு உலகுக்கு அறிவித்தார்கள். 'என்.டி.' என்பது நியூ டெல்லி.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி நோயாளியின் மலத்தில் இருந்தது. அங்கே வளர்ந்த ஈ.கோலையிலும் அந்த நொதியை உருவாக்கும் அதே ஜீன்! பிளாஸ்மிட் என்னும் டி.என்.ஏ. வளையத்தில் ஏறி, ஓர் இனக் கிருமியிலிருந்து வேறோர் இனத்துக்கே அது தாவக்கூடியது.

கேரளத்திலுள்ள நம் ஆரியங்கோட்டுக்கும் ஸ்வீடனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நீர்க்கடுப்பை அதிகம் உண்டாக்குவது இதே ஈ.கோலைதான், அது நம் எல்லோர் குடலிலும் குடியிருக்கிறது. கடுப்பு வந்ததும் மெடிக்கல் ஸ்டோரில் சீட்டில்லாமல் நாலு மாத்திரை வாங்கிப் போட்டால் எளிய கிருமிகள் சாகும். நொதி வைத்திருப்பவை பெருகும். 2024 ஜனவரியில் கேரள அரசு 'ஆபரேஷன் அம்ரித்' என்று கடைகளைச் சோதிக்கக் கிளம்பியது இதைத் தடுக்கத்தான். டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள்; சிறுநீரைக் கல்ச்சர் பார்க்கச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள்.

சரி, அந்த ஜீன் டெல்லியோடு நின்றதா? 2010 ஆகஸ்டில் லான்செட் குழும இதழில் வந்த கட்டுரையின் முதல் பெயர், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. அதன்படி, என்.டி.எம்-1 கொண்ட கிருமி மாதிரிகள் சென்னையில் மட்டும் 44 கிடைத்தன.

(தொடரும்)