ஜலதோஷ மாத்திரையின் பின்பக்கம்

ஜலதோஷத்துக்கு எங்கள் அம்மா வைத்தியம் மிளகு ரசமும் ஆவி பிடிப்பதும்தான். வேலைக்குப் போன பிறகு நான் மாத்திரைக்கு மாறிவிட்டேன். ஆபீஸ் டிராயரில் எப்போதும் ஓர் அட்டை கிடக்கும். தும்மல் வந்தால் ஒன்று போட்டுக்கொள்வேன். டாக்டர் சீட்டெல்லாம் கிடையாது. அந்த ஒரு மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்துகள் இருக்கின்றன என்பது ஓய்வு பெற்ற பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

முதல் மருந்து மூக்கடைப்புக்கு. அதன் பூர்வீகம் சீனா. மாஹுவாங் என்ற செடியை இருமலுக்கும் இரைப்புக்கும் அங்கே வெகுகாலமாகக் கொடுத்து வந்தார்கள். 1885-இல் ஜப்பானியரான நாகாய் நாகயோஷி அதிலிருந்து எபிட்ரினைப் பிரித்தெடுத்தார். 1920களில் பீக்கிங்கில் கே.கே. சென்னும் கார்ல் ஷ்மிட்டும் அதை ஆராய்ந்து எழுதிய பிறகு மேல்நாட்டு டாக்டர்கள் கையில் எடுத்தார்கள். ரத்தக் குழாய்களைச் சுருக்குவது அதன் வேலை. மூக்குக்குள் சுருங்கினால் அடைப்பு விடும். ஆனால் மூக்கோடு நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாதே! பிரஷரும் ஏறும். ஃபீனைல்புரோபனோலமைன், சூடோஎபிட்ரின், ஃபீனைல்எஃப்ரின் எல்லாம் இதன் பங்காளிகள்.

இரண்டாவது, தும்மலுக்கும் மூக்கொழுகலுக்குமான ஆன்டிஹிஸ்டமின். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவே 1937-இல் வழி காட்டினார். 1957-இல் நோபல் பரிசும் பெற்றார். நம் மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமின் 1940களின் கடைசியில் வந்தது. தூக்கம் வரவைப்பது இதுதான்.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு அப்போதே பிராஸ்டேட் வீக்கம் உண்டு. ஒரு மார்கழியில் இரண்டு நாளில் ஐந்து மாத்திரை போட்டேன். மூன்றாம் நாள் காலை ஒரு சொட்டு மூத்திரம் இறங்கவில்லை. வயிறு கல்லாகிவிட்டது. டியூப் போட்டுத்தான் எடுத்தார்கள். டாக்டர் சொன்னது இது: ஆன்டிஹிஸ்டமின் மூத்திரப்பையைச் சோம்பலாக்கும், மற்றது அதன் வாயை இறுக்கும். எனக்கு இரண்டும் ஒரே மாத்திரையில் கிடைத்தன.

வீட்டுக்கு வந்ததும் படிக்க ஆரம்பித்தேன். ஃபீனைல்புரோபனோலமைன் பற்றி அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தார் மூளை ரத்தக்கசிவு வந்த 702 பேரை ஆராய்ந்திருக்கிறார்கள். பசியைக் குறைக்க அதைச் சாப்பிட்ட பெண்களிடம் ஆபத்து பல மடங்கு தெரிந்தது. ஜலதோஷத்துக்குச் சாப்பிட்டவர்களிடம் அவ்வளவு அழுத்தமாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2000 நவம்பரில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கம்பெனிகளை அதை நிறுத்தச் சொன்னது. நம் நாட்டில் தடை உத்தரவு வந்தது 2011-இல். இடைப்பட்ட பத்து வருஷமும் என் டிராயரில் அட்டை இருந்தது!

அப்புறம் பல மாத்திரைகளில் அதற்குப் பதில் ஃபீனைல்எஃப்ரின் வந்து உட்கார்ந்தது. அட்டையின் முன்பக்கத்தில் அதே பெயர், அதே நிறம். மாறியது பின்பக்கத்துப் பொடி எழுத்து மட்டும். அதையும் விழுங்கினால் மூக்கடைப்புக்குப் பலனில்லை என்று 2023-இல் அமெரிக்க நிபுணர் குழு சொல்லிவிட்டது. குளோர்பெனிரமினோடு அது சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அட்டையில் போடும்படி அதே வருஷம் நம் அரசும் சொன்னது. பேரன் பேத்தி வரும் வீடுகளில் இதைக் கவனியுங்கள்.

பிரஷர், இருதயக் கோளாறு, பிராஸ்டேட், கண் அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த மாத்திரையைத் தொட வேண்டாம். போட்ட ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் விளக்கைப் போட்டுவிட்டு நடங்கள். தூக்கக் கலக்கத்தில் விழுவது நம் வயதில் சின்ன விஷயமில்லை. பலவற்றில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். காய்ச்சலுக்குத் தனியாக இன்னொன்று போட்டால் அளவு கூடிவிடும்.

போன வாரம் மருந்துக்கடையில் பூதக்கண்ணாடியை எடுத்தேன். "பழைய மாத்திரையேதான் சார், தைரியமா போடுங்க" என்றான் பையன். திருப்பிப் பார்த்தால் நான்கு மருந்துகள் இருந்தன. அட்டையை அவனிடமே கொடுத்துவிட்டு, பக்கத்து மளிகைக் கடையில் நூறு மிளகு வாங்கிக்கொண்டு வந்தேன்.