பதவித் துஷ்பிரயோகமும் தேர்தல் பிரசாரமும்: போடிநாயக்கனூர், ஆண்டிபட்டி வட்டாரம்

அரசாங்கப் பதவியினால் கிட்டும் அதிகாரத்தையும் வசதிகளையும் சொந்த ஆதாயத்துக்கோ கட்சியின் வெற்றிக்கோ திருப்பிக்கொள்வது பதவித் துஷ்பிரயோகம் எனப்படும். தமிழகத்தில் இவ்விஷயம் பற்றிய பெரும் வழக்குகள் சென்னையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் விசாரிக்கப்பட்டன. ஆயினும், அவ்வழக்குகளில் சம்பந்தப்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் பொறுப்பு, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள தேனி மாவட்டத்து வாக்காளர்களிடமே மீண்டும் மீண்டும் வந்து சேர்ந்திருக்கிறது. போடிநாயக்கனூர், ஆண்டிபட்டி ஆகிய இரு சட்டமன்றத் தொகுதிகளின் சரித்திரத்தை விடுத்து இவ்விவகாரத்தை எழுதுவது இயலாது.

போடி எனச் சுருக்கமாக வழங்கும் போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில் அமைந்த சிலமலை, அத்தொகுதியின் இயல்பை அறிந்துகொள்ள ஏற்ற ஊர். கீழே தோட்டமும் வயலும், மேலே கேரள எல்லைக்கு அப்பால் ஏலமலையும் என இரண்டு ராஜ்யங்களில் பரவிய வாழ்வு இவ்வட்டார மக்களுடையது. விடியுமுன் ஜீப்புகளில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குச் சென்று, பொழுது சாயும் வேளையில் இறங்கிவரும் தொழிலாளரும், போடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தின் விலையை அன்றன்று கேட்டறியும் விவசாயிகளும் இங்கே வாக்காளர்கள். பட்டா, குடிநீர், சாலை, முதியோர் உதவித்தொகை ஆகிய ஒவ்வொன்றுக்கும் சர்க்கார் அலுவலகத்தின் படியேற வேண்டியவர்களுக்கு, ஆட்சிப் பதவி எவ்வாறு பிரயோகிக்கப்படுகிறது என்பது பத்திரிகைச் செய்தி மாத்திரமன்று. அன்றாட ஜீவனத்தோடு பிணைந்த காரியம்.

1989 ஜனவரியில் நடைபெற்ற பொதுத்தேர்தலில், எம்.ஜி.ஆரின் மறைவுக்குப் பின் பிளவுபட்ட அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தின் ஒரு பிரிவுக்குத் தலைமை ஏற்றிருந்த ஜெ. ஜெயலலிதா, சேவல் சின்னத்தில் போடிநாயக்கனூரில் போட்டியிட்டு 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அவர் சட்டமன்றத்துக்குள் முதன்முதலாக அடியெடுத்து வைத்தது இத்தொகுதியின் பிரதிநிதியாகத்தான். தமிழகச் சட்டமன்றத்தின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவர் என்ற ஸ்தானமும் அப்போதே அவருக்கு வாய்த்தது. 1991-இல் அவர் முதலமைச்சரானார்.

அந்த ஆட்சிக்காலத்தில், 1992-இல், தமிழ்நாடு சிறுதொழில் நிறுவனமாகிய டான்சிக்குச் சென்னை கிண்டியில் இருந்த நிலமும் கட்டடமும், முதலமைச்சரும் அவருடைய தோழி வி.கே. சசிகலாவும் பங்குதாரர்களாக இருந்த ஜெயா பப்ளிகேஷன்ஸ் என்னும் ஸ்தாபனத்துக்கு விற்கப்பட்டன. விற்றது அரசாங்கத்துக்குச் சொந்தமான கம்பெனி. வாங்கியது அந்த அரசாங்கத்தின் தலைவருக்குப் பங்குள்ள கம்பெனி. விலை குறைவாகக் கணிக்கப்பட்டு அரசுக்கு நஷ்டம் விளைந்தது என்ற குற்றச்சாட்டின்மேல் எழுந்த வழக்கில், 2000 அக்டோபர் 9 அன்று தனி நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்துச் சிறைத்தண்டனை விதித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், கொடைக்கானலில் விதிகளுக்குப் புறம்பாகப் பல மாடிகள் எழுப்ப பிளசன்ட் ஸ்டே ஹோட்டலுக்கு அனுமதி வழங்கிய வழக்கிலும் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. அத்தீர்ப்பு வெளியான நாளில் தர்மபுரி அருகே பேருந்து ஒன்று எரிக்கப்பட்டு, கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவியர் மூவர் மாண்டனர். ஒரு தலைவர்மீது நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்கு, அவ்வழக்கோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத மூன்று இளம் உயிர்கள் பலியான அக்கொடுமையை, பதவி அறத்தைப் பற்றிப் பேசும் எவரும் மறந்துவிடலாகாது.

இரண்டாண்டும் அதற்கு மேற்பட்டும் தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்கத் தகுதியற்றவர் என்னும் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, 2001 தேர்தலில் ஆண்டிபட்டியில் ஜெயலலிதா தாக்கல் செய்த வேட்புமனு தள்ளப்பட்டது. ஆயினும் அவருடைய கட்சி பெரும்பான்மை பெற்றது. சட்டமன்ற உறுப்பினராக இல்லாமலே மே 14 அன்று ஆளுநர் பாத்திமா பீவி அவருக்கு முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். மக்கள் அளித்த தீர்ப்பே எல்லாத் தீர்ப்புகளுக்கும் மேலானது என்ற வாதம் அப்போது மேடைதோறும் முழங்கியது. செப்டம்பர் 21 அன்று, நீதிபதி எஸ்.பி. பரூச்சா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அந்த நியமனத்தை ரத்து செய்தது. வேட்பாளராக நிற்கவே தகுதியற்ற ஒருவரை, எவ்வளவு பெரிய பெரும்பான்மையும் அமைச்சராக்க இயலாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். அதனையொட்டி, பெரியகுளம் தொகுதியின் உறுப்பினராக இருந்த ஓ. பன்னீர்செல்வம் முதலமைச்சரானார். டிசம்பர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் டான்சி வழக்கில் ஜெயலலிதாவை விடுவித்தது. 2002 பிப்ரவரியில் ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் வென்று, மார்ச்சில் அவர் மறுபடியும் பதவியேற்றார்.

டான்சி விவகாரத்தில் இறுதித் தீர்ப்பு 2003 நவம்பர் 24 அன்று வந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எஸ். ராஜேந்திர பாபு, பி. வெங்கடராம ரெட்டி ஆகியோர் விடுதலையை உறுதி செய்தனர். அரசாங்க ஊழியர் ஒருவர் இன்ன சொத்தை வாங்கலாகாது என்று சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கும்போது அதனை வாங்கினால்தான் அப்போது நடப்பிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 169-ஆம் பிரிவு பொருந்தியது. அமைச்சர்கள் அரசாங்கத்திடமிருந்து அசையாச் சொத்து வாங்கலாகாது என்று சொல்வதோ நடத்தை விதித்தொகுப்பு. அது சட்டமன்று, ஆகையால் அதனை மீறியவரை நியாயஸ்தலம் தண்டிக்க இயலாது என்பது அவர்கள் கண்ட முடிவு. அதோடு அமையாமல், அச்சொத்தை நிபந்தனையின்றித் திருப்பிக் கொடுப்பதன் மூலமும், விதித்தொகுப்பின் உட்கருத்தை மீறிய செயல் தக்கதுதானா என்று தம் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்வதன் மூலமும் அவர் பிராயச்சித்தம் தேடிக்கொள்ள வேண்டும் என்றும் அவர்கள் எழுதினர். நிலம் திருப்பி அளிக்கப்பட்டது.

தண்டிக்கவும் முடியாமல், குற்றமற்றது என்று வாழ்த்தவும் மனமில்லாமல், நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் மனச்சாட்சியிடம் முறையீடு செய்துகொள்ள நேர்ந்தது. இதில் நீதிபதிகளைக் குறை கூறுவதற்கில்லை. எழுதப்படாத சட்டத்தை அவர்கள் எப்படிப் பிரயோகிக்க முடியும்? குறை சட்டமியற்றும் மன்றங்களுடையது. குற்றம் என்ற எல்லைக்கும் தகாத செயல் என்ற எல்லைக்கும் இடையே விரிந்து கிடக்கும் வெளியை அவை இத்தனை காலமும் நிரப்பாமல் விட்டன என்பதையும், அவ்வெளியிலேதான் பதவித் துஷ்பிரயோகத்தின் பெரும்பகுதி நிகழ்கிறது என்பதையும் இவ்வழக்கைப் போல் தெளிவாகக் காட்டும் வழக்கு வேறில்லை.

அமைச்சர்கள் பொது ஊழியர்களே, ஆகையால் குற்றவியல் சட்டத்துக்கு உட்பட்டவர்களே என்பது முன்னரே தீர்ந்துபோன விஷயம். 1976-இல் கலைக்கப்பட்ட மு. கருணாநிதியின் அரசு மீதான புகார்களை சர்க்காரியா கமிஷன் விசாரித்த காலத்தையொட்டி எழுந்த வழக்கில், 1979-இல் உச்ச நீதிமன்றம் அவ்வாறு தீர்ப்பளித்தது.

2011 முதல் போடிநாயக்கனூர்த் தொகுதியின் உறுப்பினராக விளங்கிய ஓ. பன்னீர்செல்வம் 2016, 2021 தேர்தல்களிலும் அங்கேயே வென்றார். 1991 முதல் 1996 வரையிலான காலத்தில் வருமானத்துக்கு மீறிச் சொத்துச் சேர்த்ததாகத் தொடரப்பட்டு, 2003-இல் கர்நாடகத்துக்கு மாற்றப்பட்ட வழக்கில், 2014 செப்டம்பர் 27 அன்று நீதிபதி ஜான் மைக்கேல் டி குன்ஹா ஜெயலலிதாவுக்கு நான்காண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்ததும், முதலமைச்சர் நாற்காலி போடியின் பிரதிநிதியிடம் வந்தது. 2015 மே மாதத்தில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவிக்கவே, அது அவரிடம் திரும்பிற்று. 2016 டிசம்பர் 5 அன்று அவர் காலமானார். 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பை மீட்டு நிலைநிறுத்தியது. மறைந்துவிட்டமையால் அவரைப் பொறுத்த மேல்முறையீடு அற்றுப்போக, சசிகலா உள்ளிட்ட மூவர் சிறை சென்றனர். குற்றம் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட காலத்துக்கும் இறுதி முடிவுக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன.

பன்னீர்செல்வத்தின் மீதே 2001–2006 காலத்தைப் பற்றிய சொத்துக்குவிப்பு வழக்கு ஒன்று, ஆட்சி மாறிய பின் 2006-இல் ஊழல் தடுப்பு, கண்காணிப்புத் துறையால் பதியப்பட்டது. 2011-இல் ஆட்சி மறுபடி மாறியது. அதே துறை குற்றத்துக்கு ஆதாரமில்லை என்று மறு அறிக்கை அளிக்க, 2012-இல் சிவகங்கை நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தாமாகவே முன்வந்து அவ்வழக்கை மறுஆய்வுக்கு எடுத்து, 2024 அக்டோபரில் அந்த விடுவிப்பை ரத்து செய்தார். அவ்வாண்டின் இறுதியில் அவ்வுத்தரவுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. இவ்வழக்கில் குற்றம் எதுவும் மெய்ப்பிக்கப்பட்டதில்லை. கவனிக்க வேண்டியது விசாரணைத் துறையின் நிலையே: சர்க்கார் மாறுந்தோறும் தன் அபிப்பிராயத்தையும் மாற்றிக்கொள்ளும் துறையால், குற்றவாளி தப்பிக்கவும் கூடும், நிரபராதி அலைக்கழிக்கப்படவும் கூடும்.

பிரசார காலத்தில் பதவியைப் பயன்படுத்துவது பற்றிய விதிகள் இவற்றினும் தெளிவானவை. சர்க்கார் உத்தியோகஸ்தரின் உதவியைத் தேர்தலுக்குப் பெறுவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி ஊழல் நடவடிக்கை. 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, இந்திரா காந்தியின் தேர்தலைச் செல்லாதென அறிவித்ததும் இப்பிரிவின்கீழ்தான். அரசு ஊழியராயிருந்த யஷ்பால் கபூரின் சேவையும், உத்தரப் பிரதேச அதிகாரிகள் மேடையும் மின்வசதியும் அமைத்துக் கொடுத்ததும் காரணங்கள். பின்னர் பாராளுமன்றம் சட்டத்தையே முன்தேதியிட்டுத் திருத்த, நவம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தேர்தலைச் செல்லும் என்றது. 1960-இல் கேரளத்தில் கட்சிகளின் சம்மதத்தோடு தோன்றிய தேர்தல் நடத்தை விதிகளில், ஆளும் கட்சிக்கான தனிப் பகுதி 1979-இல் சேர்க்கப்பட்டது. அமைச்சர் தம் அரசுப் பயணத்தைப் பிரசாரத்தோடு கலக்கலாகாது; அரசு வாகனமும் பொதுப்பணத்து விளம்பரமும் கூடா; பயணியர் விடுதியும் மைதானமும் எல்லாக் கட்சிக்கும் சமம்; தேர்தல் அறிவித்தபின் அடிக்கல் நாட்டுதலோ புதிய நிதி ஒதுக்கீடோ ஆகாது. முதலமைச்சரோ அமைச்சரோ நிற்கும் தொகுதியில் இவ்விதிகளைக் காக்க வேண்டிய தாசில்தாரும் காவல் ஆய்வாளரும், தேர்தல் முடிந்ததும் அதே அமைச்சருக்குக் கீழ்ப்பட்டவர்கள் ஆகிவிடுகின்றனர்.

தேர்தலில் பணத்தின் பிரவேசம் தனிக் கட்டுரைக்குரியது. 2019 ஏப்ரலில் ஆண்டிபட்டியில் இடைத்தேர்தலுக்கு முன் வருமானவரித் துறையினர் சுமார் 1.48 கோடி ரூபாயைக் கைப்பற்றியதும், அப்போது காவலர் வானை நோக்கிச் சுட நேர்ந்ததும் இவ்வட்டாரத்தார் அறிந்தவை.

அமைச்சர்களின் நடத்தை விதித்தொகுப்பு 2003-இல் எந்நிலையில் இருந்ததோ அந்நிலையிலேயே இன்றும், சட்டத்தின் வலுவின்றி இருக்கிறது. அதனைச் சட்டமாக்குவதாக வாக்குறுதி அளிக்கும்படி, தம்மிடம் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரையும் சிலமலை வாக்காளர்களும் பிற தொகுதியாரும் கேட்க வேண்டும்.